காதலர் தினமும் நம் ஊர் ஆதுலர் சாலையும்

பிப்ரவரி 14 காதலர் தினம். மலர்களும் வாழ்த்து அட்டைகளும் கைமாறும் நாள். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் ‘மெர்சி ஷிப்ஸ்’ மருத்துவக் கப்பல்களில் கணவனும் மனைவியுமாகத் தொண்டு புரிவோர் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. தங்கும் செலவையும் தாமே ஏற்கின்றனர். காதலர் தினத்தன்றும் நோயாளியின் கட்டிலருகே ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும்.

இத்தகைய தொண்டு நம் ஊருக்குப் புதிதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு ஒரு மருத்துவமனையைப் பற்றிக் கூறுகிறது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து ‘வீரசோழன்’ ஆதுலர் சாலை அது. அங்கே நோயாளிகளுக்கு 15 இடங்கள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர். இரவில் எரியும் விளக்கு ஒன்றுக்கு எண்ணெயும் ஒதுக்கப்பட்டது. மருத்துவரின் பெயர் கல்லில் உண்டு. அப்பெண்களோ ‘இருவர்’ என்ற எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்.

பெயர் வேண்டாது செய்வதே பேரன்பு. இன்றிரவு வீட்டில் பாட்டி இருமினால், எழுந்து சென்று வெந்நீர் கொடுங்கள். அன்பின் திருநாள் அங்கேயே தொடங்கிவிடும்.