புத்தகத்தை மூடிவிட்டுப் போடும் கணக்கு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இயற்பியல் டியூஷனுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் சிலர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்: “அவனுக்குப் படிச்சா ஏறாது சார், வீடியோ பார்த்தாத்தான் புரியும்.” கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் எண்ணம் உலகெங்கும் உண்டு. ஆனால், அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹரோல்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் எழுதினார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்பும்போது உள்ளே இருப்பவர் வெளிப்பக்கம் சாய்கிறார். அவரைத் தள்ளியது எது? ‘மையவிலக்கு விசை’ என்று மாணவர் சட்டெனச் சொல்லிவிடுவார். பஸ்ஸைத் தனியாக வரைந்து விசைகளுக்கு அம்புக்குறி போடச் சொன்னால்தான் பேனா நிற்கும். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு வெளியே தள்ளும் விசை எதுவும் இல்லை. டயரின் உராய்வு பஸ்ஸை உள்பக்கம் திருப்புகிறது, பயணியின் உடலோ நேராகவே போகப் பார்க்கிறது. இந்தக் கணக்குக்குப் படம், சொல், சமன்பாடு மூன்றும் வேண்டும், எந்தப் பிள்ளையாக இருந்தாலும்.

இந்த அடிப்படை பிளஸ் ஒன்னில் வருவது. ஆனால், சேலம், நாமக்கல் பக்கம் பிளஸ் ஒன் பாடத்தைத் தாவிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே ஓட்டிய பள்ளிகள் உண்டு. அந்த வழக்கத்தைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது கைவிடப்பட்டது. வெக்டரும் நியூட்டன் விதிகளும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டவர் பிளஸ் டூவின் மின்புலக் கணக்கில் தடுமாறுவார். பொதுத்தேர்வு இல்லையென்று அந்தப் புத்தகத்தை ஓரங்கட்டுவது பிள்ளைக்குச் செய்யும் பெருங்கெடுதல்.

எப்படிப் படிப்பது? உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவிருந்தது. ஒரு சுற்று வாசித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோதோ வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு எல்லாம் தெரிந்ததுபோல இருப்பது இதனால்தான்.

எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைத் தாளால் மூடிவிட்டுப் போடலாம். சில நாள் கழித்து, வேறு பாடக் கணக்குகளோடு கலந்து மறுபடி போடலாம். செய்முறைக்கும் இது பொருந்தும்: மீட்டர் சமனச்சுற்றில் சமநிலைப் புள்ளி கம்பியின் நடுப்பகுதியில் வரும்படி மின்தடையை ஏன் தேர்கிறோம் என்று, நோட்டைப் பார்க்காமல் பக்கத்து மாணவருக்கு விளக்கிப் பார்க்கலாம்.