பாஸ்வேர்ட் மறந்து விட்டதா? ஃபார்மேட் செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். வழக்கமான பாஸ்வேர்டை டைப் செய்தால், தவறு என்று செய்தி வருகிறது. இன்னொரு முறை முயற்சித்தாலும் அதே பதில்தான். உள்ளே பிள்ளைகளின் போட்டோக்களும், ஜி.எஸ்.டி. பில்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரே உங்களை உள்ளே விட மறுக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் வீடுகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் சென்று கம்ப்யூட்டர் சரி செய்து தருவது என் தொழில். இந்தப் பிரச்னைக்காக அழைப்பவர்களில் பலர், "ஃபார்மேட் பண்ணிடுங்க சார்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லி விடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஃபார்மேட் என்பது கடைசி வழி. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. கீ போர்டைச் சோதியுங்கள்: நம்முடையது எல்லைப் பகுதி. ஒரே கம்ப்யூட்டரில் தமிழ், கன்னடம், தெலுங்கு கீ போர்டுகளைச் சேர்த்து வைத்திருப்போம். லாக் இன் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி உள்ளது எனப் பாருங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். ஆங்கிலத்திலும் யு.கே. கீ போர்டு தேர்வாகி இருந்தால், 2ஆம் எண் கீயில் ஷிப்ட் அழுத்தும்போது மெயில் முகவரியில் வரும் "அட்" குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி விழும். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால், நீங்கள் டைப் செய்தது அப்படியே தெரியும்.

2. கேட்பது பின் எண்ணா, பாஸ்வேர்டா?: இரண்டும் வேறு வேறு. பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. சைன் இன் ஆப்ஷன்ஸ் என்பதில் கிளிக் செய்து, ஒன்று மறந்திருந்தால் மற்றதை முயற்சி செய்யுங்கள்.

3. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டா?: மெயில் முகவரி கொடுத்து விண்டோஸை செட் செய்திருந்தால், மொபைல் போனில் மைக்ரோசாப்ட் தளத்திற்குச் சென்று பாஸ்வேர்டை ரீசெட் செய்யலாம். ஏற்கனவே பதிந்து வைத்த மொபைல் எண்ணுக்கோ இன்னொரு மெயிலுக்கோ ஒரு குறியீட்டு எண் வரும். பின்னர், பூட்டிய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைத்து புதிய பாஸ்வேர்டைத் தந்தால் போதும். ஃபைல்கள் அனைத்தும் அப்படியே இருக்கும்.

4. லோக்கல் அக்கவுண்ட்டா?: தவறான பாஸ்வேர்ட் தந்தவுடன் ரீசெட் பாஸ்வேர்ட் என்ற லிங்க் வருகிறதா எனப் பாருங்கள். 2018ல் வந்த விண்டோஸ் 10ன் 1803 பதிப்பிலிருந்து, லோக்கல் அக்கவுண்ட் தொடங்கும்போது மூன்று ரகசியக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவற்றுக்குச் சரியான பதில் தந்தால் புதிய பாஸ்வேர்ட் அமைக்கலாம். வீட்டில் வேறொருவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் இருந்தால், அதில் நுழைந்து கன்ட்ரோல் பேனல் வழியாக உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். "முன்பெல்லாம் ஒரு சிடி போட்டு ஐந்து நிமிடத்தில் திறந்து விடுவார்களே?" உண்மைதான். விண்டோஸ் 98ல் பாஸ்வேர்ட் கேட்கும்போது எஸ்கேப் கீயை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். எக்ஸ்.பி. ஹோம் பதிப்பில் சேஃப் மோடில் சென்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் பெரும்பாலும் பாஸ்வேர்ட் இல்லாமலே திறக்கும். பின்னர் வந்த சிடிக்கள், விண்டோஸ் எழுதி வைத்த பாஸ்வேர்ட் பதிவையே அழித்து விடும். இவை எல்லாம் நடந்ததற்குக் காரணம், கதவில் மட்டுமே பூட்டு இருந்தது; உள்ளே இருந்த ஃபைல்கள் திறந்தே கிடந்தன.

இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 11ல் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் செட் செய்யும் பல கம்ப்யூட்டர்களில், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 2024ல் வந்த 24எச்2 பதிப்பில் இது மேலும் பல கம்ப்யூட்டர்களுக்கு விரிவானது. டிஸ்கில் உள்ள அனைத்தும் சங்கேதமாக மாற்றி எழுதப்படுகின்றன. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லை என்றால் எந்த சிடியாலும், எந்த மெக்கானிக்காலும் ஃபைல்களை மீட்க முடியாது. திருடன் கையில் லேப்டாப் சிக்கினால் இது நமக்குப் பாதுகாப்பு. நாமே சாவியைத் தொலைத்தால், நமக்கும் அதே கதிதான்.

இந்தச் சாவியை எங்கே தேடுவது? பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டிலேயே பதிவாகி இருக்கும். கீ கேட்கும் நீல நிறத் திரையில் கீ ஐ.டி. ஒன்று தெரியும். போனில் அக்கவுண்ட்டைத் திறந்து, அந்த ஐ.டி.யின் முதல் 8 எழுத்துகளுடன் பொருந்தும் கீயை எடுத்து டைப் செய்யுங்கள்.

நம் பகுதியில் பலர் சிக்கிக் கொள்வது மொபைல் எண்ணில்தான். பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்த்தபோது கர்நாடக சிம் வாங்கியிருப்பார்கள். அக்கவுண்ட்டிலும் அந்த எண்ணையே தந்திருப்பார்கள். 2015 ஜூலை வரை, அதே எண்ணை வேறு மாநில வட்டத்துக்குக் கொண்டு செல்ல வழியில்லை. ஓசூர் பக்கம் வந்ததும் புது சிம் வாங்கி, பழையதை மேசை டிராயரில் போட்டு விடுவார்கள். ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் அது ரத்தாகலாம். பிறகு வேறு ஒருவருக்கும் போகலாம். சிப்காட் அருகே லேத் பட்டறை நடத்தும் ஒருவரின் லேப்டாப் இப்படித்தான் நின்றது. ஒரு வருட பில்கள் அதில் இருந்தன. டிஸ்க்கும் என்கிரிப்ட் ஆகியிருந்தது. நல்ல வேளையாக, மகளின் மெயில் முகவரியும் அக்கவுண்ட்டில் இருந்தது. "அப்பா, எனக்கு ஒரு நம்பர் வந்திருக்கு" என்று அந்தப் பெண் போனில் படித்துச் சொல்ல, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் நீங்களாக எதையும் முயற்சிக்க வேண்டாம். அதன் ரெகவரி கீ பொதுவாகக் கம்பெனியின் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் இருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால் மட்டும், ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ரீஸ்டார்ட் கிளிக் செய்து, ட்ரபிள்ஷூட் பிரிவில் ரீசெட் திஸ் பிசி தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் திரும்பக் கிடைக்கும், ஃபைல்கள் போய்விடும். என்கிரிப்ஷன் இல்லாத பழைய கம்ப்யூட்டர் என்றால், அதற்கு முன் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல்களைக் காப்பி செய்து விடுங்கள்.

பாஸ்வேர்ட் நினைவில் இருக்கும் இன்றே நான்கு வேலைகளை முடியுங்கள். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் இப்போது பயன்படுத்தும் மொபைல் எண்ணைச் சேருங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் மெயில் முகவரியையும் தாருங்கள். பழைய விவரங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நீக்காதீர்கள். அப்படிச் செய்தால் புதியவை செயல்பட 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். முக்கிய ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து வையுங்கள். அரை மணி நேர வேலைதான். பாஸ்வேர்ட் மறந்த பின், இவற்றைச் செய்ய நினைத்தாலும் முடியாது.