கொசுப்புழுவின் மூச்சு

யானைக்கால் நோய்க்குப் பழைய ஆங்கில மருத்துவ நூல்கள் இட்ட பெயர்களுள் ஒன்று ‘கொச்சிக்கால்’. மலையாளத்தில் அதனை ‘மந்து’ என்பர். மட்டாஞ்சேரியும் அதன் சுற்றுப்புறமும் கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்குள்ள கால்வாய்களில் கழிவுநீர் எளிதில் வடிவதில்லை. தேங்கிய அழுக்குநீரில்தான் கியூலெக்ஸ் கொசு விரும்பி முட்டையிடும். ஊர்ப்பெயர் நோயின் பெயரானதற்கு மக்கள் காரணமல்லர், நீரே காரணம்.

நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. அது மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுகளை ஈனுகிறது. அக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் குருதிக் குழாய்களில் தங்கிவிடும். இரவு பத்து மணியளவில் தோலருகே ஓடும் குருதிக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் இரவே! ஆகவேதான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடுவீடாகச் சென்று விரல்நுனியில் குருதி எடுத்தனர். பகலில் எடுத்தால் நோயுள்ளவரின் குருதியிலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.

கொசுவுக்கும் இப்புழுவுக்கும் உள்ள தொடர்பை 1877-இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன் கண்டார். ஆயினும், கொசு நீரில் விழுந்து இறக்கும், அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் வரும் என்று அவர் கருதினார். புழு கொசுவின் ஊசிவாய் வழியே வெளிவருவதை 1900-இல் ஜார்ஜ் லோ காட்டிய பின்னரே உண்மை தெளிவாயிற்று.

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்கொசு என்னும் நான்கு நிலைகளுள் பறக்கும் கொசுவைப் பிடிப்பது அரிது. புழுவோ ஓரிடத்தில் அடைபட்டிருக்கிறது. நீரில் வாழ்ந்தாலும் அது காற்றையே சுவாசிக்கிறது. வால்பக்கத்து மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் நீட்டி, தலைகீழாகத் தொங்கும்.

இதனை வகுப்பில் காணலாம். வீட்டு முற்றத்துத் தொட்டியில் தேங்கிய நீரிலிருந்து ஆசிரியர் முன்னிலையில் கொசுப்புழுக்களை எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீரும் சம எண்ணிக்கையில் புழுக்களும் இடுக. ஒன்றில் மட்டும் சில துளி தேங்காயெண்ணெய் விடுக. இரண்டின் வாயையும் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டுக. இதனை மறந்தால் வகுப்பே கொசுப்பண்ணையாகிவிடும். எண்ணெய்ப் படலம் மூச்சுக்குழலின் முனையை அடைப்பதால், அக்குவளைப் புழுக்கள் மீண்டும் மீண்டும் மேலெழுந்து தவித்துப் பின் அசைவற்றுப் போகும். எண்ணெயில்லாக் குவளை எதற்கு? அது இல்லையெனில், புழுக்கள் எண்ணெயால் இறந்தனவா, குவளையில் அடைத்ததால் இறந்தனவா என்று எவரும் கூற இயலாது. முடிவில் நீரை உலர்ந்த மணலில் கொட்டுக. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

எல்லாக் கொசுப்புழுவுக்கும் இவ்வழி பயன்படாது. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் வேறொரு யானைக்கால் புழுவைப் பரப்பியது மான்சோனியா கொசு. அதன் புழு ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றைச் சுவாசிக்கிறது. நீர்ப்பரப்புக்கு வருவதேயில்லை எனலாம். அங்கே எண்ணெய் ஊற்றி என்ன பயன்? செடியையே அகற்ற வேண்டும். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் அங்குக் குளங்களில் அச்செடிகளை நீக்கி மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்தனர். மீனால் வருவாய் கிடைத்ததால் குளத்தைத் தூய்மையாக வைப்பதில் மக்களுக்கே அக்கறை பிறந்தது.

பயிற்சி

1. குருதிச் சோதனையை இரவில் செய்வதன் காரணத்தை விளக்குக.
2. இரு குவளைகளையும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒருமுறை நோக்கி, கண்டவற்றை அட்டவணையாக எழுதுக.
3. உங்கள் தெருவில் நீர் தேங்கும் இடம் ஒன்றனைக் கண்டு, அங்கு எண்ணெய், செடி அகற்றல், வடிகால் ஆகியவற்றுள் எது பொருந்தும் என்பதைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.