காய்ச்சல் விட்ட நாளில் கவனம்

அன்புள்ள ஜார்ஜ் டவுன் வாசகருக்கு,

"ஒருதரம் டிங்கி வந்து பிழைச்சாச்சு, இனிமே பயமில்லை" என்ற பேச்சு நம் ஊரில் சகஜம். தட்டம்மைக்கு அது பொருந்தும். ஒருமுறை வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் காப்பு. டிங்கிக்குப் பொருந்தாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிருமி நுழைந்ததும் தாக்குண்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகின்றன. காய்ச்சலும் மேல்வலியும் பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் விளைவுதான். சில நாளில் அந்தக் கிருமிக்கென்றே ஆன்டிபாடிகள் உருவாகின்றன. நோய் தீர்ந்தாலும் அந்த நினைவு உடலில் தங்கிவிடுகிறது. தடுப்பூசிகள் நம்பியிருப்பதும் அந்த நினைவைத்தான்.

டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு நெடுங்காலக் காப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. அதன்பின் வேறு வகை நுழைந்தால், பழைய ஆன்டிபாடிகள் அதில் ஒட்டும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளையணுக்களின் வேலை. இந்த வைரஸோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. காவலாளியே திருடனை வீட்டுக்குள் அழைத்துவந்த கதைதான். 1960களில் பாங்காக்கில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்த விளக்கத்துக்கு வழிவகுத்தார். இரண்டாம் முறை எல்லோருக்கும் முற்றுவதில்லை. முற்றும் அபாயம் அப்போதுதான் கூடுதல்.

பினாங்குக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு. இங்கு பரவிய டிங்கியைப் பற்றி 1902இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. இரத்தக்கசிவோடு கூடிய கடும் டிங்கி மலாயாவில் முதலில் பதிவானதும் இந்தத் தீவில்தான், 1962இல்.

பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், வீட்டார் நிம்மதியடைவார்கள். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தானது. விடாத வயிற்றுவலி, தொடர்வாந்தி, ஈறில் இரத்தம், அளவுமீறிய சோர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது. அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. பப்பாளி இலைச்சாற்றை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

முன்பே டிங்கி வந்தவர் என்றால், டாக்டரிடம் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்