ரோபோ செய்யணுமா? கிட் அப்புறம் வாங்கிக்கலாம்

ஜூனியர்ஸ், "அண்ணா, ரோபாட்டிக்ஸ் ஆரம்பிக்கணும், எந்த கிட் வாங்கலாம்?" மெக்கானிக்கல், இசிஇ வித்தியாசம் இல்லாம எல்லாரும் கேட்கிறீங்க. இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க.

செகண்ட் இயர் லீவுல நான் ஆர்டர் பண்ணின கிட் மொரப்பூர்ல எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே போர்டு போச்சு. மோட்டாரை நேரா ஆர்டுயினோ பின்னில் மாட்டிட்டேன். ஊனோ போர்டுல ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரைக்கும்தான் எடுக்கணும். சின்ன மஞ்சள் கியர் மோட்டார்கூட ஓட ஆரம்பிக்கும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். நடுவுல மோட்டார் டிரைவர் வேணும். அப்பா திட்டலை. "எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அடுத்த போர்டுக்குக் காசு இல்லாததால சிமுலேஷனுக்குப் போனேன். அதுதான் நல்லதாப் போச்சு. ஆர்ஓஎஸ் 2, கசீபோ ரெண்டுமே இலவசம். லேப்டாப்ல உபுண்டு போட்டா போதும்.

முதல்ல லைன் ஃபாலோயர் செய்யுங்க. வண்டி கோட்டைவிட்டு எவ்வளவு விலகியிருக்கு என்று மட்டும் பார்த்துத் திருப்பினா, ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே போகும். மொரப்பூர் ஸ்டேஷன்ல ரயில் நிக்கிறதைப் பாருங்க. பிளாட்ஃபாரம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வேகம் குறைய ஆரம்பிச்சிடும். அதே மாதிரி, விலகல் எவ்வளவு வேகமா மாறுது என்பதையும் கணக்குல சேர்க்கணும். பிஐடி கன்ட்ரோல்ல அந்த 'டி' இதுதான். எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணினப்போ எனக்கு இது புரியவே இல்லை.

அடுத்தது, எதுக்காக ரோபோ? சென்னை ஐஐடியில பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டுதல்ல திவான்ஷு குமார் என்ற மாணவரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்டா தொடங்கினதுதான் 'ஹோமோசெப்'. செப்டிக் டேங்க் சுத்தம் பண்ற ரோபோ. டேங்க் வாய் சின்னது, உள்ளே அகலம். அதனால பிளேடுகள் மடங்கி இறங்கி, உள்ளே போய் தலைகீழ்க் குடை மாதிரி விரியும். இறுகின கசடைக் கலக்கிக் கரைச்சு, பிறகு உறிஞ்சி எடுப்பாங்க. மனுஷங்களை உள்ளே இறக்கக் கூடாதுன்னு 2013-லேயே சட்டம் வந்தாச்சு, ஆனாலும் விஷவாயு தாக்கிச் சாவுகள் நிக்கலை. 2022-ல முதல் மெஷின்கள் தூய்மைப் பணியாளர்களோட சுயஉதவிக் குழுக்களுக்கே போச்சு. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் அலமாரிக்குப் போகுது!

வேலைன்னா ஹியூமனாய்டு டிசைன் மட்டும் இல்லை. நம்ம பக்கத்து ஓசூர் ஃபேக்டரிகள்ல வெல்டிங் ரோபோவுக்கு டீச் பென்டன்ட்ல புரோகிராம் போடணும், பிஎல்சியோட இணைக்கணும், நின்னுபோனா காரணம் கண்டுபிடிக்கணும். கோடிங் பிடிச்சவங்களுக்கு கம்ப்யூட்டர் விஷன், நேவிகேஷன் இருக்கு. அனுபவத்துக்கு ஐஐடி பாம்பேயோட இ-யந்திரா போட்டியில டீமா சேருங்க.

கருகின அந்த போர்டு இன்னும் என் ஹாஸ்டல் ரூம்ல இருக்கு. எந்த பின்னுன்னு பார்க்கணும்னா வாங்க.