உள்ளி நடுவதா, வெங்காயம் நடுவதா?

கடையில் உள்ளி விலை ஏறும்போதெல்லாம், இடம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வளவில் அதனை நடலாமா என்ற கேள்வி எழுகின்றது. நாமும் நட்டுப் பார்த்தோம். தாள் செழித்தது, கிளறிப் பார்த்தபோது அடியில் குமிழ் இல்லை.

உள்ளிக்குக் குளிர் வேண்டும். சில வாரங்களாவது நல்ல குளிர் பட்டால்தான் நட்ட பல் பிரிந்து குமிழாகும். ஸ்பானியர் வழியாக அமெரிக்கா சென்ற 'கிரியோல்' உள்ளி மற்றவற்றிலும் பார்க்க வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் லூசியானாவில் அதனையும் ஒக்டோபரளவில் நட்டு, குளிர்காலம் கழிந்து மே மாதமளவிலேயே பிடுங்குவர். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அத்தகைய குளிர் இல்லை. கறிக்குத் தாள் கிள்ள நாலைந்து பல்லை ஒரு பழைய வாளியில் ஊன்றினால் போதும். காசை அதில் போடவேண்டாம்.

எமக்கு ஏற்றது சின்ன வெங்காயமே. எத்தனை மாதம் இருப்போம் என்று தெரியாத காணியில், 60 முதல் 75 நாளில் பலன் தரும் பயிர் இது.

பத்து அடி நீளம், நாலு அடி அகலமான பாத்தியில் நாலு அங்குல இடைவெளியில் சுமார் 360 விதை வெங்காயம் நடலாம். நன்றாக உக்கிய எருவை மண்ணோடு கலவுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும்; ஆகவே மாரியில் பாத்தியை உயர்த்துங்கள். வேர் மேலோட்டமானது என்பதால் களையை மண்வெட்டியால் கொத்தாமல் கையால் பிடுங்குவதே நல்லது. யூரியாவை அள்ளிப் போட்டால் தாள் கறுத்துச் செழிக்கும், பார்க்க அழகுதான். ஆனால் அந்த வெங்காயம் இருப்பில் அழுகிவிடும்.

தாள் சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்தி, ஒரு வாரத்தின் பின் பிடுங்குங்கள்.

இனித்தான் கடினமான இடம். கையில் காசில்லாத வீட்டில் முழுவதையும் விற்கவே மனம் வரும். ஆனால் இந்தச் செய்கையில் பெருஞ்செலவு விதைக்கே. அடுத்த நடுகைக்கு அதனை விலை கொடுத்து வாங்கினால் இந்தப் போக இலாபம் அதோடு போய்விடும். நோயில்லாத, நடுத்தரப் பருமனுள்ளவற்றை விற்குமுன்பே பிரித்தெடுத்து, தாளோடு பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலின் வளையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். புதிதாகப் பிடுங்கியது சீராக முளைக்காது. இரண்டு மாதமாவது உறங்கவேண்டும். வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து, மெதுமெதுத்ததைக் கழற்றிக் கறிக்கு எடுங்கள். மறுபடியும் எழுந்து போக நேர்ந்தால், பாயோடும் பானையோடும் அந்தப் பிடிகளையும் கழற்றிக்கொள்ளலாம்.