டிஷ்வாஷர் பழுதா? தண்ணீர் போகும் வழியிலேயே தேடுவோம்

பாத்திரம் கழுவும் இயந்திரம் இப்போது நம்மில் பலருடைய அடுக்களைக்கும் வந்துவிட்டது. மூட்டுவலியால் கையை அழுத்தித் தேய்க்க முடியாத தாய்மார்கள் இருக்கும் வீடு, பிள்ளைகள் வெளியூரில் இருக்க முதியவர்கள் இருவர் மட்டும் வாழும் வீடு, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு என, தேவை உள்ளவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். விலையோ முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய். பலருக்கு அது மாதத் தவணை.

ஆனால் ஓரிரு ஆண்டுகளில் அந்த இயந்திரம் துணி போட்டு மூடப்பட்டு, மேலே மளிகைச் சாமான் வைக்கும் மேசையாகிவிடுவதையும் பார்க்கிறோம். கேட்டால், "சரியாகக் கழுவுவதில்லை", "தண்ணீர் தேங்கி நிற்கிறது", "மோட்டார் போய்விட்டது என்று சொன்னார்கள்" என்று பதில் வரும். இவற்றில் பல, வீட்டிலேயே அரை மணி நேரத்தில் சரி செய்யக்கூடியவை. சில பழுதே அல்ல. எனவே இந்தப் பாடத்தில், டிஷ்வாஷரின் வழக்கமான கோளாறுகளைக் கண்டறிவது எப்படி, எதை நாமே சரி செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம்

டிஷ்வாஷருக்குள் பாத்திரத்தைத் தேய்க்கும் பிரஷ் எதுவும் இல்லை. சூடான தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதுதான் அதன் ஒரே வேலை. தண்ணீர் போகும் வழி இதுதான்: குழாயிலிருந்து உள்ளே வருகிறது, உப்பு அறையை ஒட்டிய பகுதியில் கடினத்தன்மை நீங்குகிறது, அடியில் உள்ள குழியில் சேர்ந்து சூடாகிறது, பம்ப் அதைத் தள்ள, சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பாத்திரங்கள்மேல் பாய்கிறது, வடிகட்டி வழியாகத் திரும்பி வந்து மறுபடியும் பாய்கிறது, கடைசியில் இன்னொரு பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிறது. 12 பேருக்கான இயந்திரம் ஒருமுறை கழுவ ஏறத்தாழ 10 லிட்டர்தான் எடுக்கும். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால், வழியில் ஓரிடம் அடைத்தாலும் கழுவும் வேலை முழுவதும் கெடுகிறது.

ஆகவே கோளாறு வந்தால் தண்ணீர் போகும் வழியிலேயே வரிசையாகத் தேட வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

1. தண்ணீர் வரவில்லை

குழாய் திறந்திருக்கிறதா, இயந்திரத்தின் பின்னால் ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயை மூடி, ஹோஸைக் கழற்றினால் அதன் முனையில் சிறிய சல்லடை இருக்கும். தொட்டி மணலும் துருவும் அதில்தான் சேரும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தொட்டிக்கும் குழாய்க்கும் உள்ள உயரமே அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் குடியிருப்பவருக்குத் தொட்டி 3 மீட்டர்தான் மேலே என்றால் 0.3 பார் மட்டுமே. பல இயந்திரங்கள் 0.5 பார் கேட்கின்றன. தரைத்தளத்தில் நன்றாக ஓடிய இயந்திரம் மேல்மாடிக்குக் குடிபோனதும் "பழுதாவது" இப்படித்தான். அதே குழாயில் 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பாவிட்டால் குறை இயந்திரத்தில் இல்லை. அதற்குத் தீர்வு குழாய் வேலை செய்பவரிடம் இருக்கிறது.

2. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு

நம் ஊர்களில் அதிகம் கேட்கும் குறை இது. கண்ணாடித் தம்ளரில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுத் தேய்த்துப் பாருங்கள். படிவு கரைந்தால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. கரையாமல் கண்ணாடியே மங்கியிருந்தால் அது அரிப்பு, இனி நீங்காது. டிடர்ஜென்டையும் சூட்டையும் குறைத்து மற்றத் தம்ளர்களையாவது காப்பாற்றலாம்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் அதையும் தாண்டுகின்றன. டிஷ்வாஷருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புத் தண்ணீர் அவற்றைக் கழுவி மறுபடியும் தயாராக்குகிறது. உப்பு போடுவது இதற்காகத்தான். பாத்திரம் துலக்க அல்ல.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை:

- டிஷ்வாஷருக்கென விற்கும் உப்பையே போடுங்கள். சமையல் தூளுப்பில் கலந்திருக்கும் பொருள்களும் அதன் பொடித்தன்மையும் அறையை அடைத்துவிடும். கடல் கல் உப்பில் சுண்ணாம்பும் மண்ணும் இருக்கும்.
- உப்பு போட்டவுடன் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்புத் தண்ணீர் தேங்கினால் ஸ்டீலும் துருப்பிடிக்கும். மூடியை இறுக மூடுங்கள்.
- உப்பு அறையில் தவறியும் டிடர்ஜென்ட் போடாதீர்கள். ரெசின் பகுதியே கெட்டுவிடும்.
- கடினத்தன்மை அளவை இயந்திரத்தில் நாம்தான் அமைக்க வேண்டும். அந்த அமைப்பு குறைவாக இருந்தால், அறை நிறைய உப்பு இருந்தும் படிவு வரும். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாறினால் இதையும் மாற்றுங்கள்.
- டி.டி.எஸ். கருவி கடினத்தன்மையைக் காட்டாது. கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். கடினத்தன்மைக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

உள்ளே ஏற்கனவே படிந்த சுண்ணாம்புக்கு, கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் மூன்று மேசைக்கரண்டி போதும். பாத்திரமும் டிடர்ஜென்டும் இல்லாமல், அடித்தளத்தில் தூவிச் சூடான புரோகிராமில் ஓட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். இதனுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

3. அழுக்கு போகவில்லை

வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். கறிவேப்பிலை, சீரகம், சோற்றுப் பருக்கை எல்லாம் அங்கேதான் இருக்கும். வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, சரியாகத் திருகி மாட்டுங்கள். சற்றுத் தளர்வாக இருந்தாலும் கடுகு உள்ளே நுழைந்து சுழல் கையின் துளைகளை அடைத்துக்கொள்ளும். சுழல் கையைக் கழற்றி, பல்குத்தும் குச்சியால் துளைகளைக் குத்தி, குலுக்கிக் கழுவுங்கள். ஊசியால் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

கை சுழல்கிறதா என்று அறிய, அது நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தி, ஆவி முகத்தில் அடிக்காதபடி மெதுவாகத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் அதே திசையில் இருந்தால் அது சுழலவில்லை. பல நேரம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டிக் காம்புதான் காரணமாக இருக்கும்.

அடுக்கும் முறையும் முக்கியம். பாத்திரத்தின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய தம்ளருக்குள் தண்ணீர் போகாது. பெரிய தட்டோ கடாயோ டிடர்ஜென்ட் மூடியை மறைத்தால் மூடி திறக்காது; வில்லை அப்படியே கிடக்கும். ஒட்டியிருக்கும் சோற்றையும் எலும்பையும் தட்டிவிட்டு வையுங்கள். முழுதாகக் கழுவி வைக்கத் தேவையில்லை.

4. தண்ணீர் வெளியேறவில்லை

வடிகட்டிக்குக் கீழே சிறிதளவு தெளிந்த தண்ணீர் எப்போதும் நிற்கும். அது பழுதல்ல. வடிகட்டிக்கு மேலே அழுக்குத் தண்ணீர் தேங்கினால்தான் தேட வேண்டும்.

முதலில் சிங்க் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிஷ்வாஷரின் வெளியேற்றும் ஹோஸ் சிங்கின் அடிக்குழாயில் சேர்ந்திருந்தால், அங்கே அடைப்பு இருந்தாலும் பழி இயந்திரத்தின்மேல் விழும். அடுத்து ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், தேங்கிய தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, மீதியைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பல இயந்திரங்களில் வடிகட்டிக் குழியின் ஓரத்தில் வெளியேற்றும் பம்பின் சிறு மூடி இருக்கும். எப்படித் திறப்பது என்பதைக் கையேட்டில் பார்த்துத் திறந்தால் உள்ளே ஒரு சிறு சக்கரம் தெரியும். எலுமிச்சை விதையோ, எலும்புத் துண்டோ, உடைந்த கண்ணாடியோ அதில் சிக்கியிருக்கலாம். வெறும் விரலை விடாதீர்கள். கையுறையோடு, இடுக்கியால் எடுங்கள்.

5. நுரை, நாற்றம், ஈரம்

கையால் துலக்கும் லிக்விடை ஒரு சொட்டுகூட இதில் ஊற்றக் கூடாது. நுரை பொங்கி அடித்தட்டில் இறங்கினால், வெள்ளப் பாதுகாப்பு மிதவை இயந்திரத்தையே நிறுத்திவிடும். நுரை வந்துவிட்டால் பாத்திரங்களை எடுத்துவிட்டு, டிடர்ஜென்ட் இல்லாமல் அலசும் புரோகிராமை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டியும் கதவின் அடி ஓர ரப்பருமே, துடைத்தால் நீங்கும். பிளாஸ்டிக் டப்பா சூட்டைத் தாங்கி வைக்காததால் கடைசி வரை ஈரமாகவே இருக்கும். ரின்ஸ் எய்ட் நிரப்பி, முடிந்தபின் சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்துவைத்தால் மற்றவை காய்ந்துவிடும்.

இவை பழுதல்ல

அலுமினியத் தேக்சா கறுப்பது டிடர்ஜெண்டின் காரத்தன்மையால். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிப்பதும், மரக்கரண்டி வெடிப்பதும், பித்தளை நிறம் மாறுவதும் அவை இதற்கான பாத்திரங்கள் அல்ல என்பதால். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் மங்கும்.

இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

இயந்திரம் சூடாக்கும்போது 2,000 வாட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் அது உருகும். இயந்திரத்தைத் தொட்டால் 'சுர்' என்றாலோ, ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தாலோ, அதை மறுபடி மறுபடி ஏற்றிவிடாதீர்கள். ஹீட்டரிலிருந்து மின்சாரம் கசியக்கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளை அழையுங்கள். தண்ணீர் சூடேறாமை, பலகையில் கோளாறு, அடியிலிருந்து ஒழுகல் ஆகியவையும் பயிற்சி பெற்றவரின் வேலை. சேமிக்கும் சில நூறு ரூபாய் ஓர் உயிருக்கு ஈடாகாது.

ஆளை அழைக்கும் முன் திரையில் தெரியும் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; பொருள் கையேட்டில் இருக்கும். நாம் எவற்றைச் சோதித்தோம் என்பதையும் சொல்லுங்கள். செலவை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். விவரம் தெரிந்தவரிடம் தேவையற்ற பாகத்தை மாற்றச் சொல்ல யாரும் தயங்குவார்கள்.

பயிற்சி

1. உங்கள் இயந்திரத்தின் கடினத்தன்மை அமைப்பு எந்த எண்ணில் இருக்கிறது?
2. வடிகட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது?
3. குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது?
4. இயந்திரத்தின் பிளக் எத்தனை ஆம்பியர்?

இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் பாடத்தின் பெரும்பகுதி கைவந்துவிட்டது. குனிந்து வடிகட்டியைக் கழற்ற முடியாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு அக்கம்பக்கத்தில் இருந்தால், மாதம் ஒருமுறை போய் வடிகட்டியைக் கழுவி, உப்பு நிரப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கால் மணி நேர வேலைதான். அவர்கள் மறுபடியும் கைவலியோடு சிங்க் முன்னால் நிற்க வேண்டியிருக்காது.